காப்புக் கட்டியிருந்த வாரம்

சிலிம் ரிவர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் விக்னேஸ்வரனுக்கு அப்பா எழுதுவது.

சபா ராணுவ முகாமில் நீ சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்குக் காலில் புண். சர்க்கரை உடம்போடு இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றாள். பாதத்தை எடுக்க வேண்டியிருக்கலாம், வியாழக்கிழமை சொல்கிறோம் என்கிறார் டாக்டர். “அவனுக்குச் சொல்லாதீங்க, வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவான்” என்கிறாள் அவள்.

வெள்ளம் வந்தது, திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள். கோயில் தலைவர் என்று என் கையில்தான் கட்டினார்கள். அவிழ்க்கும் வரை தோட்டத்தார் யாரும் எல்லை தாண்டித் தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் ராணுவ லோரி வந்தது. உன் வயதுப் பையன் ஒருவன், உன்னுடைய அதே உடுப்பு. “ஜோம், பாக்சிக்” என்று மலாயில் கூப்பிட்டு, லோரியில் ஏறக் கை நீட்டினான். லயத்து வீட்டு ஜனம் முழுக்க என் முகத்தைப் பார்த்தது. உன் அம்மா துணிப்பையோடு எழுந்து நின்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். லோரி போய்விட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை. காப்புக்காகவா? ஆள் இல்லாவிட்டால் தோட்டத்தை வாங்கிய கம்பெனி லயத்தை இடித்துவிடும் என்ற பயமா? வெறும் வீம்பா? சாப்பிடக் கூப்பிட்டால் நம்மில் யாராவது முதல் தடவையே சரி என்பார்களா? அவன் இன்னொரு தடவை கேட்பான் என்றுதான் நின்றேன் போலிருக்கிறது. கேட்கவில்லை. அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அடுத்த தோட்டத்தில் எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

மூன்றாம் நாள் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டதும், பக்கத்து வீட்டுச் சன்னாசியின் லோரியில் காப்போடுதான் எல்லையைத் தாண்டினேன். அதை முதல் நாளே செய்திருக்கலாமே. மாரியாத்தா கோபித்துக்கொண்டாளா இல்லையா என்று யாரிடம் கேட்பது? காப்பு இன்னும் கையில் இருக்கிறது. அவிழ்க்கவும் பயம், வைத்திருக்கவும் கூச்சம்.

லீவு கிடைத்தால் வந்துவிடு அய்யா. கிடைக்காவிட்டாலும் ஆத்தா உனக்குத் துணை இருக்கட்டும். உன்னையும் எங்காவது வெள்ளத்துக்கு அனுப்புவார்கள். அங்கே என்னைப் போல் ஒரு கிழவன் வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாதே. இன்னொரு தடவை கேள். அவனுக்குப் பின்னால் பையோடு யாராவது நிற்கிறார்களா என்று பார்.

உன் அப்பா பத்துமலை