ரோரி மறுபடி உறுமினான்

அன்பு மகள் கேட்ரியோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ இருக்கும் ஆல்பர்ட்டாவில் இப்போதே பனி விழுந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், நீ சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் பாதியில் கத்திவிடுவேன், அல்லது நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

ஜூலையில் சிங்கி இறால் பருவம் முடிந்து படகைக் கரையேற்றிய வாரம், காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கூட்டிவந்தோம் என்று அம்மா சொல்லியிருப்பாள். பெயர் ரோரி. கறுப்பு உடம்பு, ஒரு காது மடங்கியிருக்கும். வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் படுப்பான், யாராவது குனிந்தால் உறுமுவான். என் வீட்டில் என் மேசைக்கு அடியில் என்னைப் பார்த்தே உறுமுவதா என்று எனக்கு ஆத்திரம். உறுமும்போதெல்லாம் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து ஒரு அதட்டல் போட்டேன். பதினைந்தே நாள், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. படகுத்துறையில் எல்லோரிடமும் போய்ப் பெருமையடித்தேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது வருஷம் என் படகில் இறால் பிடிக்கும் கூடு இழுத்தானே ஹெக்டர், அவன் தேநீர் குடிக்க வந்தான். கையிலிருந்த ஓட்ஸ் ரொட்டி கீழே விழ, எடுக்கக் குனிந்தான். ஒரு சத்தமும் இல்லை, ஒரே கடி. ஏழு தையல். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹெக்டர், "அடேய் மர்டோக், ரொட்டி நல்லா இல்லைன்னு நான் சொல்லவே இல்லையேடா"ன்னு சிரித்தான். ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மறுநாளே நாய்களைக் கவனிக்கும் அதிகாரி அம்மாள் வந்தார். ஆறு வாரத்தில் திரும்ப வந்து பார்ப்பேன், நம்பி வீட்டில் வைக்க முடியாத நாய் என்று தெரிந்தால் ஊசி போட்டுக் கொல்வதுதான் வழி என்றார். ஆறு வாரம் எதற்கு, நானே நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்து வைத்தேன். உன் அம்மா அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "அது ஏன் கடிச்சுதுன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? உங்களுக்கு அடக்கத்தான் தெரியும்"னு சொன்னாள். முப்பத்தேழு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவள்தான் ஷெட்டிகாம்ப் ஊரிலிருந்து இவெட் என்ற பெண்ணை வரவழைத்தாள். நாய்களின் குணக்கேட்டைச் சரிசெய்வது அவள் தொழில், உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வந்தவள் நாயைத் தொடவே இல்லை. சமையலறைத் தரையில் அவனுக்கு முதுகைக் காட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். இதற்கா பெட்ரோல் செலவழித்து வந்தாய் என்று என் வாய்வரை வந்தது. பிறகு, "உறுமுவானா?"ன்னு கேட்டாள். அதையெல்லாம் நிறுத்தியாச்சு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பி, "உங்க படகுல இஞ்சின் சூடாயிடுச்சுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சா, பல்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "இவனுக்குக் கோபமே இல்லீங்க. பயம். குனியுற மனுஷனைப் பார்த்தா யாரோ எப்பவோ செஞ்சது ஞாபகம் வருது. கிட்ட வராதேன்னு சொல்லிப் பார்த்தான், சொன்னா அதட்டல் விழுது. அப்புறம் அவன்கிட்ட பல்லைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றாள்.

கேட்ரி, நான் தோற்றுப்போவதை ஒப்புக்கொள்கிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் சொன்னபடியே செய்தோம். மேசையடியை விட்டு, யாரும் குறுக்கே நடக்காத மூலையில் அவனுக்குப் படுக்கை போட்டோம். அவன் உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், அங்கேயே நின்றுவிட வேண்டும். தூரத்திலிருந்தே பாலாடைக்கட்டித் துண்டு போட வேண்டும். ஹெக்டர் கட்டுக் கையோடு தினமும் வந்து வாசலருகே உட்கார்ந்து துண்டு போட்டான், வாரத்துக்கு ஒரு சாண்தான் நாற்காலியை உள்ளே நகர்த்துவான். நான்காம் வாரம் அவன் கொஞ்சம் அவசரப்பட்டான். மூலையிலிருந்து ஒரு சத்தம். ரோரி உறுமினான்! கழுத்துப்பட்டைக்குப் போகப் பார்த்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிடா ராசா, கேட்டுச்சு"ன்னு சொல்லி ஹெக்டரின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். ரோரி ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்தான். உன் அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி அம்மாள் வந்தார். கையில் குறிப்பெழுதும் அட்டையோடு நேராக அவனை நோக்கி நடந்தார், அவன் உறுமினான். அவர் நின்றார். அவனும் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உறுமிச் சொல்லத் தெரிஞ்ச நாய்கிட்ட எனக்குப் பயமில்லை. சொல்லாத நாய்கிட்டதான் பயம்"னு சொல்லி, வெளியே போகும்போது வாய்ப்பூட்டு, பின்புறம் வேலி என்ற இரண்டே நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். வேலி போட்டாகிவிட்டது, நீ வந்தால் பார், ஒரு கம்பு கோணல் இல்லை.

இனி எழுதப்போவதை எழுதாதீங்க, பிள்ளையை நாயோடு ஒப்பிடுகிறதா என்று அம்மா தடுத்தாள். எழுதுகிறேன். பதினாறு வயதில் நீ கத்துவாய், கதவை அறைவாய். இந்த வீட்டில் குரல் உயர்த்தக்கூடாது என்று ஒரே மாதத்தில் அடக்கினேன். பெண் திருந்திவிட்டாள் என்று படகுத்துறையில் அதையும் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் நீ முணுமுணுக்கக்கூட இல்லை, பிறகு ஒரு காலையில் வீட்டை விட்டுப் பஸ் ஏறிவிட்டாய். உனக்கு எதில் பயம் இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அது என் தப்பு, உன் தப்பு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. வண்டிக்குப் பனியில் வழுக்காத டயர் இந்த வாரமே மாற்று, தள்ளிப்போடாதே. கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் வேலை சிறக்கட்டும். வந்ததும் ரோரியிடம் குனியாதே, உட்கார், அவனாகவே வருவான். என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, நான் இடத்தை விட்டு எழுந்து போகமாட்டேன்.

அன்போடு,
உன் அப்பா
மர்டோக்