கடைசிக் கோப்பை

ஜூன் 3

இன்று முப்பத்திரண்டு கோப்பை. உறிஞ்சி, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பியாயிற்று. இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. துவர்ப்பு ஈறில் நிற்கிறதா, தொண்டையில் நிற்கிறதா என்பதை வைத்தே எந்தத் தேயிலையோடு எதைக் கலக்கலாம் என்று சொல்லிவிடுவேன். ஆனாலும் என் நாக்கை நானே முழுதாக நம்புவதில்லை. சரக்கு வெளியே போகும் முன் என் மனைவி குடிக்க வேண்டும். அதுவும் சாப்பாட்டோடு; வாங்குகிற பாதிப் பேர் அப்படித்தானே குடிக்கிறார்கள். மிச்சம் வைக்காமல் குடித்தால் கலவை தேறியது. 'கடைசிக் கோப்பை' என்று கிடங்கில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மதியம் மூன்று கலவை கொண்டுபோனேன். மூன்றையும் குடித்தாள். இரண்டாவதுக்கு மட்டும், "இது வாயை இழுத்துக் கட்டுது. வித்துடும்" என்றாள்.

அப்புறம் சமையலறையில் நறுக் நறுக்கென்று சத்தம். ஐஸ்கட்டியை மென்றுகொண்டிருக்கிறாள். இந்த மலைக் குளிரில் எதற்கு என்றால், வாய் கேட்கிறதாம்.

ஜூன் 6

மாடிப்படி பதினாலு. ஒன்பதாவதில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 8

அவள் அண்ணன் வந்திருந்தார். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: "நாள் பூரா டீயோட நிறத்தைப் பார்க்கறீங்களே மாப்பிள்ளை, என் தங்கச்சி நிறத்தைப் பார்த்தீங்களா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அவளை ஜன்னல் பக்கம் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. ஒரு சாயல் மாறினாலும் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவன் நான். இது எப்படிக் கண்ணில் படவில்லை?

ஜூன் 10

ஹீமோகுளோபின் 7.4. பன்னிரண்டுக்குக் குறையக் கூடாதாம். உடம்பில் இரும்புச்சத்து கிட்டத்தட்டக் காலி. ஐஸை மெல்ல வேண்டும் என்று வாய் கேட்பதும் அதனால்தானாம்.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். "இந்த வயசுல இவ்வளவு குறைஞ்சா, உள்ள எங்கேயாவது ரத்தம் கசியுதான்னு பார்த்தே ஆகணும்" என்றார். வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் காதில் விழுந்தது.

ஜூன் 11

எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி இருந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜூன் 17

குழாய் விட்டுப் பார்த்துவிட்டார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, கசிவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அப்படியானால் இரும்பு எங்கேதான் போகிறது?

மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், காலையும் மாலையும். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருக்கிறதாம், தண்ணீரில் இறங்கவில்லையாம். தெம்பாகவும் இருக்கட்டும் என்று நல்ல ஸ்ட்ராங்காக டீ போட்டு, மாத்திரையை நானே கையில் வைத்துக் கொடுக்கிறேன். ஒரு வேளையும் விடப்போவதில்லை.

ஜூலை 8

7.3. மூன்று வாரத்தில் ஏறவே இல்லை. இறங்கியிருக்கிறது.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தே கேட்டார். என் கையால் கொடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அடுத்து எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்குமாம்.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது, "நான் இல்லைன்னா உங்க கலவைக்கு யாரைத் தேடுவீங்க?" என்றாள். விளையாட்டாகத்தான். வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று இப்போது வரை தெரியவில்லை.

ஜூலை 9

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

காலையில் கிடங்கில் சுவை பார்க்கக் கொதிக்க வைத்த தண்ணீரில் ஏதோ கோளாறு. பத்துக் கோப்பையும் கறுத்துக் கிடந்தது. பழைய இரும்புத் தொட்டியிலிருந்து பிடித்திருக்கிறார்கள். தண்ணீர் பிடித்த ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன்: "இரும்பு பட்டா டீ மையாயிடும்னு எத்தனை தடவை சொல்றது? டீயில இருக்கற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சுக்கும், விடவே விடாதுன்னு—"

அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆள் பயந்துவிட்டான், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.

வீட்டுக்கு வந்தேன். அவள் படுத்திருந்தாள். அவளுடைய மாத்திரை ஒன்றைப் பொடித்து, அவளுக்குப் போடுகிற அதே டீயில் போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் கறுத்தது. பேனாவைத் தொட்டு எழுதலாம்.

மாத்திரை மட்டுமா? இருபத்தாறு வருடம், சாப்பாட்டுக்குச் சாப்பாடு, கீரையிலும் பருப்பிலும் வந்த கொஞ்ச நஞ்ச இரும்பையும்— அவள் கறி மீன் தொடாதவள் வேறு. ஒரு வேளைக்கு மூன்று டம்ளர். நான்தானே கொடுத்தேன்? துப்பு என்று ஒரு நாள் சொல்லியிருப்பேனா?

சொல்லாமல் கலவையை மட்டும் நிறுத்திவிடலாமா என்றும் ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். வியாபாரி புத்தி எங்கே போகும்.

ஜூலை 10

சொல்லிவிட்டேன், கறுத்த கோப்பையை முன்னால் வைத்து. அதைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க துப்பிட்டீங்க. நான் முழுங்கிட்டேன்."

பிறகு அவளே, "சரி. தண்ணி கொண்டாங்க" என்று மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று அன்றே கேட்காதது தன் தவறு என்றார். டீயை விட வேண்டாமாம். சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டு இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் போதும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் நல்லது. இது மட்டும்தான் காரணமா என்று கேட்டேன். "இப்பவே சொல்ல மாட்டேன். நாலு வாரம் பார்ப்போம். ஏறலைன்னா அந்த எலும்பு ஊசிதான்."

ஜூலை 22

நறுக் நறுக். இன்னும் மெல்லுகிறாள்.

ஜூலை 29

ஒன்பதாவது படியில் நின்றாள். உட்காரவில்லை. சும்மா நின்றிருப்பாளோ? கேட்கப் பயம்.

ஆகஸ்ட் 7

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு நாளைதான்.

நாலு மணிக்குப் புதுக் கலவை ஒன்றை அவளே கேட்டு வாங்கினாள். ஒரு மடக்கு வாயில் வைத்து உருட்டி, என்னை ஒரு பார்வை பார்த்து, தொட்டியில் துப்பினாள். "தேறாது" என்றாள்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் தட்டு நிறைந்திருந்தது. மேலே பனி படர்ந்து, கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பல நாளாக யாரும் தொட்ட அடையாளமே இல்லை.