சாமிக்குப் போட்ட ஏழு படங்கள்

ஏப்ரல் 16

பூண்டு முழுவதும் விற்றுவிட்டது. காலையில் கடைசி லாரி கிளம்பியது, மதியம் மழை பிடித்தது, சாயங்காலம் விலை சரிந்தது. இந்த வரிசை கொஞ்சம் முன்னே பின்னே மாறியிருந்தால் இன்று டைரி எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன்.

சிக்கல் வேறு. போன மாதம் கிடங்கு நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு பூமிச்சாமி கோயிலில் போய் நின்றேன். "மழைக்கு முன்னாடி வித்துக் குடு சாமி, உன் கோயில்ல திரை கட்டி உனக்குப் படம் போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எத்தனை படம் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில் அளவு பேசாமல் வாக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 17

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சாய், சாமியிடம் குறி கேட்கிற பிறைக்கட்டைகள் இரண்டையும் என் கையில் கொடுத்தார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து விழுந்தால் சாமிக்குச் சம்மதம். ஒரு படம் என்றேன். இரண்டும் மல்லாந்தன. அப்படியென்றால் சாமி சிரிக்கிறார். மூன்று என்றேன். மறுபடியும் சிரிப்பு. ஐந்து. அதற்கும் சிரிப்பு.

"சாமி இன்னைக்குக் குஷியா இருக்காரு முதலாளி" என்றார் சாய்.

சரக்கு வாங்க வந்தவன் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஏழு என்றேன். சம்மதம் விழுந்தது.

படம் போடுகிற ஹுங்கிடம் பேசியாயிற்று. வேன், திரை, படம் எல்லாம் அவருடையது. வாரத்தில் இரண்டு நாள்தான் ஒழிவாம். என்னென்ன படம் என்று கேட்டேன். "எல்லா ரகமும் கலந்து போடுறேன், சாமிக்கு அலுக்காது" என்றார். எனக்கு அலுக்குமா என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 21

முதல் படம். வாள் சண்டை.

திரை சாமியைப் பார்த்து நிற்கிறது. முன்வரிசை நாற்காலிகள் சாமிக்கும் அவர் அழைத்து வருகிற விருந்தாளிச் சாமிகளுக்கும். மனிதர்கள் உட்காரக் கூடாது. பின்வரிசையில் நான் ஒருவன். ஊர்க்காரர்கள் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் ஓரமாக ஒரு பெண் சாசேஜ் சுட்டு விற்கிற வண்டி. வாங்க ஆளில்லாத இடத்தில் கடை விரித்திருக்கிறாளே, என்ன கணக்கு என்று புரியவில்லை.

படத்தில் இரண்டு வீரர்கள் ஒரு விடுதியை அடித்து நொறுக்குகிறார்கள். மாடிப்படி போயிற்று, மேசைகள் போயின, அடுக்கி வைத்த மதுச்சாடிகள் அத்தனையும் போயின. கடைசியில் நீதி வென்றது. விடுதிக்காரன் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. அவனிடம் கேட்டிருந்தால் நீதி எந்தப் பக்கம் என்று சொல்லியிருப்பான்.

ஏப்ரல் 24

பேய்ப்படம். ஒருத்தியைக் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். முந்நூறு வருஷம் காத்திருந்து தள்ளியவர்களின் வாரிசுகளைப் பழிவாங்குகிறாள். வசூல் என்றால் சூட்டோடு சூடாகப் போக வேண்டும். இத்தனை தலைமுறை தள்ளிப்போட்டதில் எதிரியின் வாரிசு யார் என்றே பாதிப் படத்துக்கு நமக்கு விளங்கவில்லை.

நடுவில் எழுந்து போய் ஒரு சாசேஜ் வாங்கினேன். கூடவே பச்சைப் பூண்டு கொடுத்தாள். கடித்தேன். சப்பென்று இருந்தது.

"இந்தப் பூண்டு யார்கிட்ட வாங்குனீங்க? காரமே இல்லையே."

"நீங்க என்ன, போலீஸா?"

"பூண்டு வியாபாரி."

"ஓ! சாமிகிட்டயே பேரம் பேசுன லியாவ் முதலாளி நீங்கதானா?"

சாய் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அவள் பேர் யுவே-ஷியா. பக்கத்து ஊர். கணவன் இறந்து பல வருஷமாகிறதாம். கோயில் கோயிலாகப் படம் போடுகிற இடத்துக்கெல்லாம் வண்டியோடு போவாளாம். "படம் இலவசம். அதுக்குள்ள நாலு சாசேஜ் வித்தா அதுவும் லாபம்" என்றாள். கணக்கு புரிந்துவிட்டது.

கிண்ணத்தில் பகடை போடச் சொன்னாள். ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு. தோற்றேன். ரோஷத்தில் இன்னொரு தடவை போட்டேன். அதுவும் போயிற்று.

ஏப்ரல் 28

மழை. படம் இல்லை. குடை பிடித்துக்கொண்டு கோயில் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வண்டியும் இல்லை. மழையில் எப்படி வரும்?

மே 1

அழுகைப் படம். அம்மாவுக்கு ஊரார் துணியெல்லாம் தைத்துத் தைத்துக் கண் போய்விடுகிறது. மகன் கண் டாக்டராகிறான். எதிரே உட்கார்ந்திருப்பது அம்மா என்று அவனுக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் நோயாளியின் பேரைக் கேட்டு எழுத மாட்டார்களா? படிவத்தில் ஒரு வரி பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

யுவே-ஷியா பக்கத்தில் வந்து டிஷ்யூவை நீட்டினாள்.

"பூண்டு காரம்" என்றேன்.

"என் பூண்டுல காரமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இந்த மாதிரி ஒரு ஆள் என் கிடங்கில் விலை பேச இருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

மே 5

காதல் படம். ஒருவன் தினமும் ரயில் நிலையத்துக்கு வந்து டிக்கெட் வாங்குகிறான். கவுன்டரில் இருக்கிறவளுக்காகத்தான் வாங்குகிறான். ரயில் ஏறுவதில்லை. வருஷக்கணக்காக இப்படி. கடைசியில் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது. இவன் டிக்கெட்டும் கையுமாக நிற்கிறான். முடிந்தது.

"வாயத் தொறந்து கேட்டிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றேன். "ஹுங்குக்கு கரண்டாவது மிச்சம்."

"கேக்காததுதான் முதலாளி படமே."

"நஷ்டம்."

"எல்லாத்துக்கும் வெல வச்சுத்தான் பாப்பீங்களா?"

"வெல சொல்லாத சரக்க எவன் வாங்குவான்?"

அவள் சாசேஜைத் திருப்பிப் போட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். தாவ்யுவான் நகரத்தில் மகன் வீடு. மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மகன் கூப்பிட்டுவிட்டான். "உங்க ஏழாவது படம்தான் எனக்கும் கடைசி. அதோட வண்டிய வித்துட்டுப் போயிடுவேன்."

"நல்லதாப் போச்சு. இனிமே புகையில நிக்க வேண்டியதில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாராவது கேட்டார்களா?

மே 6

நல்லதாப் போச்சாம். நீயெல்லாம் ஒரு வியாபாரி.

மே 8

விண்வெளிப் படம். கப்பலில் ஆறு பேர் போய் ஒருவன் திரும்புகிறான். எதற்குப் போனார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் தெரியாது. பாதிப் படம் சாசேஜ் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தரப் பூண்டு ஒரு பை எடுத்துப் போயிருந்தேன்.

"எவ்வளவு?"

"இனாம்."

"இனாம்னா வேணாம். சாமிக்கே நீங்க இனாமா எதுவும் குடுக்கலையே!"

பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் பூண்டுக்கு என்ன பஞ்சம்? மனைவி மெய்-சூ போன பிறகு இந்த வீட்டில் சமைக்கிறவர்தான் இல்லை. அவள் புகைப்படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் பையோடு நின்றேன். உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

மே 12

ஆறாவது. சிரிப்புப் படம். தவறான மாப்பிள்ளையைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள். ஹுங் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். நூறு தடவை பார்த்த படமாம். அடுத்து என்ன என்று தெரிந்திருந்தால்தான் சிரிக்க முடியும் போலிருக்கிறது.

முடிந்ததும் சாமி முன்னால் மண்டியிட்டுப் பிறைக்கட்டைகளை எடுத்தேன். இன்னும் மூன்று படம் போடட்டுமா என்றேன். இரண்டும் கவிழ்ந்தன. கூடாது. இரண்டு? கூடாது. ஒன்றே ஒன்று? கூடாது. ஏழுக்குக் கம்மியாக வாங்க மாட்டேன் என்று சிரித்த அதே சாமி!

"வேண்டுதல் ஏழுதான் முதலாளி. அவருக்குப் போதுமாம்" என்றார் சாய்.

பின்னால் யுவே-ஷியா நின்றிருந்தாள்.

"யாருக்கு இன்னும் மூணு படம்?"

"சாமிக்கு."

"சாமிதான் வேணாங்கிறாரே. வேற யாருக்கு?"

"சாய்க்கு" என்றேன். "அவருக்குப் படம்னா உயிரு."

"எனக்கா? நான் ஒரு படம்கூடப் பாக்கலையே!" என்றார் சாய்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மே 15

கேட்டுட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். கடைசிப் படம், துப்பறியும் படம். பெரிய வீடு, ஒரு பிணம், ஏழெட்டுப் பேர். துப்பறிகிறவனுக்குக் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டே போகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வண்டிக்குப் போனேன்.

"தாவ்யுவான் போக வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"எங்கூட இருங்க."

இடுக்கியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"படம் ஓடுது முதலாளி. கொலகாரன் யாருன்னு பாத்துட்டுப் பேசலாம்."

சமையல்காரன்தான் கொலைகாரன். அது தெரிகிறவரைக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. படத்தில் ஒருத்தனும் இந்த அளவுக்கு அவஸ்தைப்படவில்லை.

விளக்கு போட்டதும் கேட்டாள், "அப்போ என் பேரன்?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

"எதிராளி என்ன கேப்பான்னு யோசிக்காமயா பேச வந்தீங்க?"

"ஆமா."

"சாமிகிட்ட கேட்டீங்களா?"

"இது அவரு சரக்கு இல்ல."

இதற்குத்தான் முதல் முறையாகச் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம கெடங்குக்கு வரேன். சும்மா ஆசையா பேசக் கூடாது. என்ன ஏதுன்னு தெளிவாப் பேசணும்."

மே 16

ஒன்றும் ஓடவில்லை. கிடங்கைக் கூட்டிப் பெருக்கினேன். ஆள் வைத்துப் பெருக்கிய இடத்தையே.

மே 17

வந்தாள். தேநீர் ஊற்றினேன், தொடவில்லை. பேசி முடித்த பிறகு குடிப்பாளாம். மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். தைபே மொத்த வியாபாரிகளையெல்லாம் இந்தக் கிடங்கில் பார்த்திருக்கிறேன். இவளுக்கு முன்னால் அவர்கள் பால்குடிப் பிள்ளைகள்.

பேரனை விட முடியாது என்பதில்தான் ஆரம்பித்தாள். விடச் சொல்ல மாட்டேன் என்றேன். வாரத்தில் ஐந்து நாள் இங்கே என்று கேட்டேன். ஒரு நாள் என்றாள். மகன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து மருமகளே குழந்தையைப் பார்த்துக்கொள்வாள் என்று பேச்சுவாக்கில் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. விடுவேனா? அங்கே பிடித்தேன். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கும் புரிந்தது. தேநீரை எடுத்தாள்.

வெள்ளி மாலை வருவாள், திங்கள் விடிந்ததும் போவாள். கல்யாணப் பதிவு புத்தாண்டு வரைக்கும் கிடையாது. அதற்குள் யாருக்காவது கசந்தால் வாய்ச்சொல்லோடு போகட்டும் என்கிறாள். வண்டியை விற்கவில்லை, சனிக்கிழமை கோயில்களில் நிற்கும். மெய்-சூவின் புகைப்படம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். வார இறுதியில் அதற்கு ஊதுபத்தி ஏற்றுவது தன் வேலை என்று அவளே சேர்த்துக்கொண்டாள், நான் கேட்கவில்லை. ரயில் செலவு பற்றி இருவரும் கொஞ்சம் குரலை உயர்த்தினோம். இரண்டு பக்கமும் நான்தான் கொடுப்பேன் என்றேன், ஒரு பக்கமும் கூடாது என்றாள். முடிவில் இப்படி ஒப்புக்கொண்டோம்: போகிற டிக்கெட் அவள் செலவு, திரும்பி வருகிற டிக்கெட் என் செலவு.