தறிக்குழிக்குள் ஓடிய ஆறு

கண்ணான என் அண்ணிக்கு,

நேற்று மத்தியானம் கண் அசந்தபோது கனவில் வந்தாய். நீ காலை இறக்கி உட்கார்ந்து நெய்த தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டிருந்தாய். குழிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ என்னைப் பார்க்கவே இல்லை, உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். வந்ததுதான் வந்தாய், ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் என்ன?

உனக்கும் எனக்கும் ஒரே வயது. நாத்தனார் என்று நான் முறுக்கிக்கொண்டு நின்றதெல்லாம் ஆரம்பத்தில்தான். அதனால் இப்போதும் நீ என்றே எழுதுகிறேன். வாங்க போங்க என்றால் நீயே சிரிப்பாய்.

நீ இல்லாத முதல் சித்திரை. வெயில் கொளுத்துகிறது. நான் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து அவ்வப்போது வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகிறேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், வாயில் வைக்கத்தான் முடியாது. முன்னறைக்கு டைல்ஸ் போடவேண்டும், அந்தக் குழியை மண் கொட்டி மூடிவிடலாம் என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

தறியை உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் குழியை மூடவிடாதவள் ஆயிற்றே நீ. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். நரம்பின் மேலுறையை அரிக்கிற நோயாம். வெயில் ஏறினால் உன் கால் துவண்டுவிடும், குழியின் குளிர்ந்த மண்ணில் பாதத்தை வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். காலில் ஊறுகிற அந்த மதமதப்பை நீ நோய் என்றே சொல்லமாட்டாய். பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதுதான் இங்கே வந்து போகிறது என்பாய்.

அப்போதுதான் அண்ணன் கம்ப்யூட்டரில் அந்தச் செய்தியைப் பிடித்தார். மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வரும் கழுத்துக் குழாய் குறுகிப் போவதால்தான் இந்த நோயே வருகிறது, பலூன் விட்டு விரித்தால் சரியாகிவிடும் என்று. உலகமெங்கும் டாக்டர்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஸ்கேனில் குறுகல் தெரிகிறது என்றார், இன்னொருவர் நோயே இல்லாதவருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றார். அந்தச் சண்டை பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டுக்குள்ளும் நடந்தது. உன் டாக்டர் பொறுங்கள் என்றார். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. எங்கோ ஒரு பெரிய ஊருக்கு உன்னைக் கூட்டிப்போய்ச் செய்துகொண்டு வந்தார்.

மார்கழியில் திரும்பினாய். நடந்தாய் அண்ணி! ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தில், விடிந்தும் விடியாத பனியில், என் கையைப் பிடிக்காமல் நடந்தாய். கல் ஜில்லென்று இருந்தது. தூண் தூணாக நீ மறைந்து மறைந்து தெரிந்தாய். பின்னால் வந்த அண்ணன் அழுதுகொண்டே வந்தார். நான்கூட நம்பிவிட்டேன்.

பிறகு சித்திரை வந்தது. குழியோரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய். "வெய்யில் வந்துச்சு, காலு போயிடுச்சு. குளுருக்குத்தான் நடந்தேன் போல இருக்குது. உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதேம்மா. பாவம், நம்பிக்கினு இருக்காரு."

அவர் வேலை முடிந்து வரும் நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று காப்பி கொடுப்பாய். எப்படி இருக்குது என்பார். நல்லா இருக்குது என்பாய். வருஷக்கணக்கில் அந்த நாடகம். யாருக்குப் பலூன் விட்டது, யாருக்கு விட்ட மாதிரி மட்டும் செய்தது என்று நோயாளிக்கே தெரியாமல் சோதித்துப் பார்த்து, பெரிய வித்தியாசம் இல்லை என்று டாக்டர்கள் சொன்ன சேதி வந்தபோதும், அவர் முன்னால் நாம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் நான் இருந்த நேரம், மாகறலிலிருந்து சுகன்யா என்று ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். உன் நோய்தான். புதுக் கல்யாணப் பெண். யாரோ போனில் அனுப்பிய பழைய வீடியோவைப் பார்த்து, பலூன் விட்டு நீ நடந்த கதையையும் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். குழாயை விரித்துக்கொள்ளப் போகிறாளாம். அதுதான் செய்யப்போகிறோமே என்று டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டாள்.

"பலூன் விட்டதுல உங்க அண்ணிக்கு நல்லாயிடுச்சாக்கா?" என்றாள்.

எதிரே அண்ணன். உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அந்தப் பெண்ணின் கால் ஒரு பக்கம். நான் என்ன செய்வேன், சொல்லு. சொல்லிவிட்டேன். குளிர் இருந்தவரைக்கும் நடந்தாள், வெயில் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது, மருந்தை நிறுத்தாதே, இன்றைக்கே போய் உன் டாக்டரைப் பார் என்றேன். அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் எழுந்தார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். குழிமேல் கிடந்த பலகையை நகர்த்தினார்.

"இங்க வந்து உக்காரும்மா. கால உள்ள உடு. வெய்யிலுக்கு அவளுக்கு இதான் நல்லா இருந்துச்சு" என்றார் அவளிடம். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியும்மா. செவுத்துல பூரா அவ கைத்தடம். பொங்கலுக்குப் பொங்கல் நான்தானே வெள்ளையடிச்சேன். கேட்டா அவ அழுவாளேன்னு கேக்கல."

கேட்டாயா அண்ணி? அவருக்காக நீ நின்றாய். உனக்காக அவர் நம்பினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை நடுவில் காவல் வைத்திருந்தீர்களா? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான்.

சுகன்யா காலை மெதுவாக உள்ளே தொங்கவிட்டாள். பிறகு, ஜில்லுன்னு இருக்குது, அடியில என்னமோ ஓடுற மாதிரி இருக்குது என்றாள். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது என்ன ஆறு என்று நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவள் நீ.

மறுநாளே டாக்டரைப் பார்த்து மருந்தை ஆரம்பித்துவிட்டாள். டைல்ஸ் குழியைச் சுற்றித்தான் போடப்போகிறார் அண்ணன். நான் இருக்கும்வரை அதை மூடவிடமாட்டேன், இது சத்தியம். இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று நிஜமாகவே யாராவது கண்டுபிடித்தால், அன்றைக்கே குழியோரம் உட்கார்ந்து உனக்குச் சொல்வேன். நீயும் அடுத்தமுறை கனவில் வந்தால் உன் காலையே பார்த்துக்கொண்டிருக்காதே. நிமிர்ந்து என்னையும் பார்.

வாக்கை மீறியும் உன் பக்கமே நிற்கிற
உன் நாத்தனார்