பழைய அறிக்கையில் என் எடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் அப்பாவும் சேர்ந்து எனக்குக் காட்டாமல் வைத்த ஸ்கேன் அறிக்கையை நான் போன செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், என் சுகத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை, அது எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் திட்டுவேன், உன் அப்பா நடுவில் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அழு.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது உன் அப்பாவால் இல்லை, அந்த ஒல்லித் தையற்காரரால். பதினெட்டு வருஷமாக நம் கடையில் கட்பீஸ் துணி எடுக்கிறவர், ஒரு நாளும் நான் சொன்ன விலைக்கு எடுத்ததில்லை, மூட்டையைப் பிரித்து "அக்கா, இது துணியா கொசுவலையா" என்று கேட்டுவிட்டுத்தான் பேரத்தையே ஆரம்பிப்பார். இரண்டு மாதம் முன்னால் வந்தார், விலை கேட்டார், தலையை ஆட்டினார், தராசைக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படி இறங்கும்போது திரும்பி, "உடம்பப் பாத்துக்கங்கக்கா" என்றார். பேரம் பேசாதவன் ஒன்று ஏமாற்ற வந்திருக்கிறான் அல்லது இரக்கப்பட வந்திருக்கிறான், தையற்காரருக்கு ஏமாற்ற வராது. அதற்குப் பிறகு எல்லோரையும் கவனிக்க ஆரம்பித்தேன். என் நாத்தனார் வந்து சாப்பிட்டுவிட்டு, "அண்ணி கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்றாள், முப்பத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அன்றைக்குச் சமைத்ததோ உன் அப்பா. மின்விசிறியை நான் எத்தனையில் வைத்தாலும் உன் அப்பா வாய் திறப்பதில்லை. நீ கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்று மாடிக்கு ஓடுகிறார், வீட்டிலேயே சிக்னல் நன்றாக வருவது நான் உட்காரும் நாற்காலிப் பக்கம்தான் என்பது நம் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

புற்றுக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவது ஏன் என்று அவரிடம் கேட்டேன். "மாத்திரை ரத்தத்தக் குறைக்குதாம், கொஞ்ச நாளைக்கு ட்ரிப்ஸ்ல ஏத்துறாங்க, அவ்வளவுதான்" என்றார். சரி, ஸ்கேன் அறிக்கையைக் கொடுங்கள் என்றேன். கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. கையில் இருக்கிற சரக்கு உடனே வரும், மூன்று நாள் கழித்து வருகிற சரக்கு வேறு யாருடைய கிடங்கிலிருந்தோ வருகிறது என்று அர்த்தம். கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து வரி வரியாகப் படித்தார், இடுப்பெலும்பில் இருந்தது அப்படியே இருக்கிறதாம், கல்லீரல் சுத்தமாம், நுரையீரல் சுத்தமாம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வயது போட்டிருந்தது, வயதை ஆஸ்பத்திரியில் தப்பாகத்தான் எழுதுவார்கள், அதை நான் பொருட்படுத்தவில்லை. அதற்குக் கீழே எடை, அறுபத்துநான்கு கிலோ. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நர்ஸ் என்னை மிஷினில் ஏற்றி, ஐம்பத்தாறு என்று உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டாள். கிலோக் கணக்கில் துணி விற்றுத்தான் உன்னைப் படிக்கவைத்தேன், என்னிடமே எட்டுக் கிலோவை மறைக்கப் பார்த்தீர்கள். அது போன வருஷத்து அறிக்கை. பரீட்சையில் காப்பியடித்த பிள்ளைகளை முப்பது வருஷம் பிடித்த வாத்தியார் உன் அப்பா, தானே காப்பியடிக்கும்போது மேல் வரியை மாற்ற மறந்துவிட்டார்.

அவரிடம் கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவார், அதையும் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றப் போனபோது, காலுறையை வீட்டில் மறந்துவிட்டேன், கால் விறைக்கிறது என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். காலுறை என் பையில்தான் இருந்தது. நேரே டாக்டரம்மா அறைக்குப் போய் உட்கார்ந்து புது அறிக்கையைக் கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு, "சார் வரலையா" என்றாள். "உடம்புக்குச் சொந்தக்காரி நான்தான், என்கிட்ட பேசுங்க" என்றேன். நான் மனசு விட்டுவிடுவேன் என்று நீ போன் செய்து மிகவும் கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். மனசு விடுவதாக இருந்தால் மார்பை எடுத்த அன்றைக்கு விட்டிருப்பேன், இல்லாவிட்டால் நாலு வருஷம் கழித்து எலும்புக்கு வந்தபோது விட்டிருப்பேன், இரண்டு தடவையும் மறுவாரமே கடை திறந்தவள் நான் என்று சொன்னேன். அப்புறம்தான் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். கல்லீரலில் நாலு இடம், பெரியது கோட்டுப் பொத்தான் அளவு. குணமாகுமா என்று கேட்டேன். ஆகாது, அடக்கி வைக்கலாம், எத்தனை நாளைக்கு என்று தன்னால் சொல்ல முடியாது, சிலருக்கு மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு என்றாள். பயம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் இரண்டு மாதமாக என்ன மருந்து, எதற்கு என்று தெரியாமலே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் அதைவிட எரிந்தது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று உன் அப்பா முதலில் சொன்னதை நம்பித்தான் மில்காரரிடம் இரண்டு வருஷத்துக்குக் கழிவுத் துணி முழுவதையும் நானே எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், இப்போது அவர் முன்னால் போய் நின்று ஆறு மாதமாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் வாழ்நாளில் திருப்பி வாங்கிய முதல் வாக்கு அது.

உன் அப்பா காலுறை கிடைக்காமல் வியர்த்து விறுவிறுத்து வந்து, என்னை அந்த அறையில் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "அவதான் சொல்ல வேணாம்னா" என்று உன் தலையில் போட்டார், அதற்காக அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, பிடிபட்டவன் பக்கத்துப் பெஞ்சைக் காட்டுவது வழக்கம்தான். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறார், மனுஷன் என்னைவிட இளைத்துப் போயிருக்கிறார், அதை நான் கவனிக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இனி உன் சங்கதிக்கு வருகிறேன். போன இரண்டு தடவை பேசும்போதும் நீ ஒன்றைக் கேட்டாய், எனக்கு முதலில் எந்தப் பக்கம் கட்டி தட்டுப்பட்டது, வலித்ததா, அப்போது எனக்கு என்ன வயது என்று. சும்மா கேட்டேன் என்றாய். நீ சும்மா எதையும் கேட்கிற பெண் இல்லை, சின்ன வயதில் மிட்டாய் கேட்பதற்கே காரணம் வைத்திருப்பாய். அதனால் நேற்று உன்னிடம் சொல்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசினீர்கள், நான் உன் முதுகுக்குப் பின்னால் பேசினேன், சரிக்குச் சரி. "அவளுக்கு ஏதாவது தட்டுப்பட்டிருக்கா மாப்பிள்ளை" என்று நேராகக் கேட்டேன். "தெரியலைங்க அத்தை, ஆனா பாக்கப் போக மாட்டேங்கிறா" என்றார். கண்ணு, தட்டுப்படுவதெல்லாம் அதுவாக இருக்காது, பத்தில் எட்டு சும்மாதான் என்று டாக்டரம்மாவே சொன்னாள். மகள்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். எனக்கு முதலில் தட்டுப்பட்டபோது கடையில் சரக்கு இறங்கும் நேரம் என்று ஏழு மாதம் தள்ளிப்போட்டேன், இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஆக இந்த வீட்டில் முதலில் மறைத்தவள் நான்தான். நீ அந்த ஏழு மாதத்தை எடுத்துக்கொள்ளாதே.

இப்போது ஓடி வர வேண்டாம், வந்து என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் பிரயோஜனமில்லை, குழந்தையின் படிப்பும் கெடும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே, நான் கேட்டதால்தான் சொன்னார். நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், நான் வேண்டுவது அது ஒன்றுதான். டாக்டரம்மாவிடமும் உன் அப்பாவிடமும் பேசி முடித்தது இதுதான், மறந்துவிடாதே: இன்னும் மூன்று தடவை மருந்து ஏற்றுவது, பிறகு ஸ்கேன், முடிவை டாக்டரம்மா என்னிடம் சொல்லுவாள், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். சுருங்கியிருந்தால் தொடருவது, இல்லாவிட்டால் மருந்தை ஒரு தடவை மாற்றிப் பார்ப்பது, அதற்கு மேல் போதுமா வேண்டுமா என்பது என் முடிவு, அதில் யாரும் பேரம் பேசக் கூடாது. பதிலுக்கு நான் மூட்டை தூக்குவதில்லை, மதியம் இரண்டு மணிக்குக் கடையைவிட்டு வந்துவிடுவேன். இந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை உன்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். உன் அறிக்கை வந்த அன்றே எனக்கு, என் அறிக்கை வந்த அன்றே உனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா