எதிர்வீட்டில் வைத்த இடியாப்பத் தட்டுகள்

இன்று ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவு திறந்ததும், தரை துடைத்த மருந்தின் எலுமிச்சை வாசம் குப்பென்று அடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு மானியம் கொடுக்கும் சங்கத்துக்காக இப்போது நான்தான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன். சிரிக்காதே. அந்தப் பெண் கேக் செய்து விற்பதாக விண்ணப்பப் பாரத்தில் எழுதியிருந்தாள். வீட்டிலோ ஒரு பொட்டு மாவு இல்லை. நான் உட்காரக்கூட இல்லை. "சாமானெல்லாம் யார் வீட்ல வச்சிருக்கீங்க தங்கச்சி?" என்று கேட்டேன். திருதிருவென்று முழித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நீயும் நானும் எதிரெதிர் வீடு, ஒரே வயது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இடியாப்பத்தில் துணிந்து இறங்கியவள் நீ. கையால் பிழிந்து பிழிந்து உன் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கும். சந்தைக் கடைக்காரர்கள் இன்னும் கேட்பார்கள், உன்னால் கொடுக்க முடியாது. "பிழியற மெஷின் வந்தா பொழச்சுக்குவேன்டி. இல்லனா மறுபடியும் அந்த ஃபேக்டரி பஸ்தான்" என்பாய். மெஷின் வாங்க இதே சங்கத்திடம் மானியம் கேட்டு எழுதிப் போட்டோம்.

சங்கத்திலிருந்து ஒரு மேடம் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றதும் நமக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தோம். யோசனை என்னுடையது. மாவு மூட்டை, இடியாப்பத் தட்டுகள், ஆவிப் பானை என்று அத்தனையையும் என் வீட்டுக்குக் கடத்தினோம். தரையைத் துடைத்தோம், புதுத் திரைச்சீலை மாட்டினோம். நீ தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டாய்.

மேடம் வந்தார், தேநீர் குடித்தார், சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா செய்றீங்க?"

"இங்கதான் மேடம்."

"ஒண்ணுமே காணோமே?"

"ரெண்டு நாளா செய்யல மேடம்."

தொழில் நடப்பதற்கான அடையாளம் இல்லை என்று கடிதம் வந்தது. நான் அழுதேன். நீ என்னைத் தேற்றினாய். "ஆள் வராங்கன்னா வீட்டைக் கூட்டாம இருக்க முடியுமா லா?" என்றாய். அடுத்த மாதமே தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடியாப்பம், அதுவும் கையால். போன வருஷம் நீ கண்ணை மூடும்வரை அப்படித்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று பலகாரத் தட்டோடு கதவோரம் நின்ற நான், "எல்லாம் எதிர்ல என் வீட்ல இருக்கு மேடம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் சாமான்களை அள்ளிப் போட்டதில் என் வீடு குப்பைமேடாகக் கிடந்தது. அதை ஒரு வெளியாள் பார்ப்பதா என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் ரெண்டு நாளாகச் செய்யவில்லை என்று சொன்னாய்.

என் மானம் போகக்கூடாது என்று உன் மெஷினை விட்டுக்கொடுத்தாய். ஏன்டி வாயைத் திறக்கவில்லை என்று கடைசிவரை நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.