குசுமாக்காவுக்கு வந்த கடிதம்

ஒக்டோபர் 8, செவ்வாய்

பின்னேரம் முன் வீட்டுக் குசுமாக்கா ஒரு கடிதத்தோட வந்தா. மாத்தறையில இருக்கிற அவவின்ர அண்ணன் சிங்களத்தில எழுதினது. அவருக்குக் காது கேளாது, அதால போன் இல்லை, கடிதம்தான். "நங்கி, என்ர கண்ணாடி உடைஞ்சு போச்சு. வாசிச்சுச் சொல்லுங்கோ" எண்டா.

இருபது வருசமா அவவுக்கு நான் நங்கி, தங்கச்சி; அவவோட சிங்களத்திலதான் கதைக்கிறன். கதைக்க மட்டும்தான் தெரியும். வாசிக்க ஒரு எழுத்தும் தெரியாது. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சன். பிறகு, "எழுத்து மங்கலா இருக்கு அக்கா, என்ர கண்ணாடி நம்பர் காணாது போல" எண்டு சொல்லிப்போட்டன்.

"தாங்கோ பாப்பம்" எண்டு என்ர கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டா. ஒரு இடத்திலயும் தடக்குப்படாமல் சத்தமா வாசிச்சா.

"தங்கச்சி, கை நடுங்குது. என்ர கையால எழுதுற கடைசிக் கடிதம் இதுதான். இனி மகள்தான் எழுதுவாள்."

காதால கேட்க எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. அவவுக்கு முதல் நான்தான் அழுதன்.

குசுமாக்கா கண்ணாடியைச் சட்டை நுனியால துடைச்சு, தன்ர கையாலயே எனக்குப் போட்டுவிட்டா. அந்தக் கண்ணாடியோட நான் ஏன் வாசிக்கேல்லை எண்டு கேக்கேல்லை.

கேட்டிருக்கலாம்.